பதின்மூன்று கணுக்கள்

தைலப் போத்தலின் மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த பூச்சியை வெள்ளைக் கடதாசியில் மெல்லத் தட்டினாள் சாருஜா. வெளியே பறை ஒருமுறை அடித்து ஓய்ந்தது. முற்றத்துப் பந்தலின்கீழ் அவளுடைய அண்ணன் சுதாகரன் சவப்பெட்டிக்குள் கிடந்தான். முந்தநாள் காலை கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவன், ஏதோ பூச்சி குத்திய அரை மணித்தியாலத்துக்குள் மூச்சடைத்துப் போய்விட்டான். நாற்பத்து நான்கு வயது.

பூச்சியை எடுத்து வைத்தது அவன் மனைவி சுபாஜினி. தோட்டத்திலிருந்து வந்த அவனுடைய சேர்ட்டை உதறியபோது மடிப்பிலிருந்து விழுந்ததாம். இப்போது அவள் கட்டில் மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்து வேலியோரம் மண்ணெண்ணெய்க் கானோடு தம்பி மயூரதன் நின்றான். வவுனியாவிலிருந்து வந்திறங்கிய நேரம் முதல் அவன் ஒருவருடனும் சரியாகக் கதைக்கவில்லை. வேலிக்கு அப்பால் குணலட்சுமியின் வளவு. அங்கே மாமரத்தின்கீழ் ஆறு தேன்பெட்டிகள். புருஷனை இழந்த அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அந்தப் பெட்டிகள்தான் சீவியம். செத்தவீட்டுக்கு அவள் வரவில்லை. வாசல் படலைவரை வந்து, மயூரதனைக் கண்டதும் திரும்பிப் போனதாக யாரோ சொன்னார்கள்.

மரண விசாரணைக்கு வந்தவர் பூச்சி குத்தியதால் வந்த ஒவ்வாமை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எந்தப் பூச்சி என்று கேட்டவன் மயூரதன் மட்டும்தான். பிரேதம் எடுக்கமுன்னம் அந்த ஆறு பெட்டிகளையும் கொளுத்திப்போட்டுத்தான் மறுவேலை என்று நின்றவனைப் பெரியவர்கள் கெஞ்சியும் அசைக்க முடியவில்லை. கடைசியில் ஒன்றுக்கு மட்டும் இணங்கினான். அக்கா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அவள் பார்த்து, அது தேனீ இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவான்.

சாருஜா லென்ஸைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்தைத் தேனீக்களோடு கழித்தவள் அவள். இது பெட்டித் தேனீ அல்ல என்பது உடனேயே தெரிந்தது. அது மண்ணிறம், இது கரிக்கறுப்பு. வயிற்றின் இரு பக்கமும் வெளிர்நீலப் பெயின்ற் சொட்டியதுபோலப் புள்ளிகள். நீலவரித் தேனீயோ என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்கு நீலம் வயிற்றின் குறுக்கே பட்டியாக ஓடும். இதற்கு நடுவில் அறுந்து, புள்ளி புள்ளியாக நின்றது. பின்கால்களில் மகரந்தம் சேர்க்கும் அடர்மயிர் இல்லை. முதுகுத் தகடு பின்னால் நீண்டு, நடுவில் வெட்டு விழுந்து, இரண்டு பற்களாக முடிந்திருந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது. குயில் தேனீ. தனக்கென்று கூடு கட்டாமல், நீலவரித் தேனீயின் கூட்டுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போகிற சாதி.

அத்தோடு லென்ஸைக் கீழே வைத்திருக்கலாம். கை கேட்கவில்லை. ஊசி முனையால் உணர்கொம்பை நிமிர்த்திக் கணுக்களை எண்ணினாள். பதின்மூன்று. மற்றதையும் எண்ணினாள். அதுவும் பதின்மூன்று. பெண்ணுக்குப் பன்னிரண்டுதான்.

இது ஆண். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

இரவில் செடித் தண்டைக் கவ்விக்கொண்டு உறங்குகிற பூச்சி. கழற்றிய சேர்ட்டை அண்ணன் ஏதாவது பற்றைச் செடிமேல் போட்டிருப்பான், அதற்குள் சிக்கிச் செத்திருக்கிறது. அவனுக்குக் குத்தியது இது இல்லை.

குத்தியது எது என்று அவளுக்குத் தெரியும். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டோவில் அவன் தலை அவள் மடியில் கிடந்தது. காதுக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்பு முள் துடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எறிந்தாள். கொடுக்கை அப்படித் தோலில் விட்டுப்போவது தேன் சேர்க்கிற தேனீ மட்டும்தான். அது குணலட்சுமியின் பெட்டியிலிருந்து வந்ததா, பனை வடலிக்குள் எங்கோ கட்டியிருந்த கூட்டிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மயூரதனுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவும் மாட்டாது.

அதைவிட ஒன்றும் அவளுக்குத் தெரியும். போன தை மாதம், கையில் தேனீ குத்தி உதடு வீங்கிய முகத்தோடு அண்ணன் அவளிடம்தான் வந்தான். ஆசுப்பத்திரியில் காட்டட்டோ என்று கேட்டான். அவள் சோதனைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரோடு விழுங்க ஒரு குளிசையை எடுத்துக் கொடுத்து, "உது ஒண்டுமில்லை அண்ணை, போய்ப் படுங்கோ" என்றாள். நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மயூரதன் வாசலில் வந்து நின்றான். அவனில் மண்ணெண்ணெய் மணத்தது.

"தேனியோ அக்கா?"

"பெட்டித் தேனி இல்லை. குயில் தேனி எண்டு சொல்லுறது. உது ஆரும் வளக்கிற பூச்சியில்லை."

"உதுதானே அண்ணைக்குக் குத்தினது?"

சுபாஜினி சுவரிலிருந்து பார்வையை எடுத்தாள். சாருஜா கடதாசியை இரண்டாக மடித்தாள்.

"ஓம். உதுதான்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"வடிவாப் பாத்தன்."

அவன் வாசற்படியில் குந்தி, முழங்கால்களுக்கிடையில் தலையை விட்டு அழத் தொடங்கினான். வந்ததிலிருந்து அவன் அழுதது அப்போதுதான்.

சுபாஜினி மெதுவாகக் கேட்டாள், "சாரு, முந்தியும் அவருக்கு உப்பிடி ஏதும் குத்தினதோ? உம்மிட்டை எண்டாலும் சொன்னவரோ?"

தம்பிக்குச் சொன்ன பொய் வாயிலிருந்து லேசாக வந்திருந்தது. இதற்கு அவள் மடித்த கடதாசியை இன்னும் ஒருமுறை மடித்த பிறகே வாய் திறந்தாள்.

"இல்லை மச்சாள்."

சுபாஜினி தலையை ஆட்டினாள். வாய்க்கரிசி போட வரச் சொல்லி வெளியிலிருந்து கூப்பிட்டார்கள்.

மூன்று மணிக்குப் பிரேதம் போயிற்று. பறைச் சத்தம் ஒழுங்கை முடக்கில் திரும்பித் தேயும்வரை பெண்கள் படலையில் நின்றார்கள். பிறகு முழுகுவதற்காக ஒவ்வொருவராகக் கிணற்றடிக்குப் போனார்கள். சாருஜாவின் முறை வந்தபோது, வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் குணலட்சுமி வந்தாள். பெட்டிகள் தப்பிய செய்தியை யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து வாளியை வாங்கி, நிறைய அள்ளி, சாருஜாவின் தலையில் வார்த்தாள்.

தண்ணீர் குளிர்ந்திருந்தது. சாருஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வாளி ஊத்தட்டோ ரீச்சர்?"

சாருஜா ஓமென்று தலையை அசைத்தாள். செம்மண் வாய்க்காலில் தண்ணீர் கலங்கி ஓடியது. குணலட்சுமி மறுபடி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.