நண்பகலுக்கு முன் ஒரு பெயர்

2018 ஜூலை 3, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, முகூன் மலைக்குக் கீழே தர்கெத்தித் புல்வெளியில், மலையேற வந்த டச்சுக்காரப் பெண்மணி ஒருவரால் வலது காலை ஊன்ற முடியவில்லை.

முந்தின நாள் சிகரத்திலிருந்து இறங்கும்போது சரளையில் சறுக்கியிருந்தார். முழங்கால் வீங்கிப் பளபளத்தது. கோவேறு கழுதையில் ஏற்றி, கணவாய் தாண்டி அகூத்திச் சாலைக்குக் கொண்டுபோவது என்று வழிகாட்டி பாஸ்ஸு முடிவு செய்தான். எட்டு மணி நேர வழி. நான் சமையல்காரன், என்னை யாரும் கேட்கவில்லை.

கழுதைக்காரன் ஈதிர் சேணத்தை இறுக்கினான். அவனுக்கு மகள் பிறந்து அன்று ஏழாம் நாள். மனைவி துதா, பாஸ்ஸுவின் தங்கை, கோடை மேய்ச்சல் குடிசையில் பிரசவித்திருந்தாள். அவன் இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை. எங்கள் வழக்கப்படி ஏழாம் நாள் நண்பகலுக்குள் ஆடு அறுத்து, குழந்தையின் பெயரைத் தகப்பன் வாயால் சொல்ல வேண்டும். குடிசை கிழக்கே நாலு மணி நேரம். சாலை வடக்கே.

கழுதையை நான் ஓட்டிப் போகிறேன் என்றேன். போன வருஷம் அது என் தோளைக் கடித்ததை பாஸ்ஸு நினைவூட்டினான். ஈதிர் இல்லாமல் அது பத்தடி நகராது.

"மச்சான், இன்னிக்கி நீ போகலேன்னா அவ உன்னை உரிச்சிடுவா" என்றான் பாஸ்ஸு.

"உன் தங்கச்சிதானே. வளர்த்த லட்சணம்."

என்ன பேசுகிறீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். வானிலை பற்றி என்று பாஸ்ஸு சொன்னான். ஈதிர் தன் கம்பளியை மடித்து அவர் முழங்காலுக்கடியில் வைத்தான்.

எனக்குச் சமைக்கிற வேலை இல்லாமல் போனதால், குடிசைக்கு நான் போவதென்று ஆனது. ஈதிர் ஓடை வரை கூட வந்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோகும், நீலத் தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பு ஒன்றைக் கையில் கொடுத்தான். பெண் பிறந்தால் என்ன பெயர் என்று வசந்தம் முழுக்க அவனுக்கும் துதாவுக்கும் சண்டை. இறந்துபோன தன் அம்மாவின் பெயர் இஜ்ஜா வேண்டும் என்பான் அவன். துதாவுக்கோ திஸிரிதான் வேண்டும்; நிலவொளி என்று அர்த்தம்.

"அண்ணே, திஸிரின்னே வைக்கச் சொல்லுங்க."

"அம்மா பேரு?"

"பெத்தவ அவ. நான் பக்கத்துலகூட இல்ல."

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கிடா கட்டியிருந்தது. துதாவின் அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சேதியைச் சொன்னேன்.

"அவரே சொன்னாரா?" என்றாள் துதா.

"அவனேதான்."

"கோவத்துலயா?"

"இல்ல தங்கச்சி. ரொம்ப நிதானமா."

அவள் குழந்தையின் முகத்துத் துணியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அது. பிறகு சர்க்கரைக் கூம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காலையில் கிளம்பும் முன் அவர் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

பதினொன்றரைக்கு ஆடு அறுத்தார்கள். ஈதிருக்குப் பதிலாகத் துதாவின் அப்பா திஸிரி என்று பெயர் சொன்னார். ஈதிர் மறுநாள் மாலை வந்து சேர்ந்தான்.