கார்டுலெஸ் செபம்

மூன்று மணிக்கு அயர்லாந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்ப்யூட்டரில் கூப்பிடுவார்கள். ஷைனிக்கு நர்ஸ் வேலைக்கான நேர்காணல். வைஃபையோ காலையிலிருந்து விட்டு விட்டுச் செத்துக்கொண்டிருந்தது. மோடம் இருக்கும் ஹாலில் உட்கார்ந்தால் நாகல்நகர் பஸ்களின் ஹாரன் பேசவிடாது, உள்ளறைதான் கதி. ஷைனி பீரோவை நகர்த்தினாள், மீன்தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள், மிக்சி பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"சிக்னலை என்னமோ கெடுக்குதும்மா. பேசும்போது கட்டானா அம்புட்டுத்தான், அடுத்த ஆளக் கூப்புட்ருவாங்க."

"நீ பேசு. நான் செபிக்கிறேன்."

அம்மா ரோஸ்மேரி டீச்சர் அடுப்படிக்குப் போய், கொழுந்தன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கார்டுலெஸ் போனில் வத்தலக்குண்டுத் தங்கை பாத்திமாவைப் பிடித்தாள். அங்கே ஒருத்தி சொல்ல, இங்கே ஒருத்தி முடிக்கும் செபமாலை. பாத்திமா 'அருள் நிறைந்த மரியே' என்றதும் உள்ளறையில் ஷைனியின் இங்கிலீஷ் அறுந்தது.

"ஹலோ... ஹலோ..."

ரோஸ்மேரி பதறிப்போய் போனை வைத்தாள். மகளின் பேச்சு மறுபடி ஓடியது. பாத்திமா விடுவாளா, திருப்பிக் கூப்பிட்டாள். எடுத்தாள்.

"ஹலோ... சாரி மேடம்... ஹலோ..."

வைத்தாள். பேச்சு திரும்ப வந்தது. சிக்னலைக் கெடுப்பது இந்த கார்டுலெஸ்தான் என்று ரோஸ்மேரிக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலும், மகளுக்காகச் செபிக்கச் சொல்லி இதே போனில்தான் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் கை போனைக் கீழே வைக்கவில்லை. பச்சைப் பொத்தானை இன்னொரு தரம் அமுக்கினால் போதும், மகள் இங்கேயே இருப்பாள். அவர் போன பிறகு இந்த வீட்டில் சாப்பாட்டுக்கு இரண்டே தட்டு. ஒரு மாசமாகச் செபத்தில் வாய் ஒன்றைக் கேட்க, மனசு வேறொன்றைக் கேட்டிருக்கிறது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் கட்டைவிரல் பொத்தானைவிட்டு எழவில்லை.

பாத்திமா மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்ததும் உள்ளே மகளின் குரல் உடைந்தது. "ப்ளீஸ் மேடம், ப்ளீஸ்..."

ரோஸ்மேரி ஹாலுக்கு ஓடி, மோடத்துக்குப் பக்கத்திலிருந்த கார்டுலெஸ் போன் பெட்டியின் பிளக்கை வயரோடு பிடுங்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பேச்சு அரை மணி நேரம் தடங்கலில்லாமல் போனது.

கதவு திறந்தது. "அடுத்த மாசமே வரச் சொல்லிட்டாங்கம்மா. நீ செபிச்சதுனாலதான் லைன் கட்டாகல."

"நிப்பாட்டுனதுனாலதான்டி," என்றாள் ரோஸ்மேரி. வயர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அழுகை அப்போதுதான் வந்தது.