செம்மல் திரும்பப் பெற்றது

வங்கியைப் பற்றியோ மின்சாரத்தைப் பற்றியோ அவையில் யார் பேசினாலும் கொட்டாவி வரும். செம்மல் பேசினால் கொட்டாவியோடு கைதட்டலும் வரும். அதில் அவருக்குத் தனிப் பெருமை.

'திருத்தச் செம்மல்' என்ற பட்டத்தைத் தொண்டர்கள் கொடுத்ததாக அவர் சொல்லிக்கொள்வார். பட்டத்தை யோசித்த சிரமமும் மேடை போட்ட செலவும் யாருடையவை என்பது மேடை போட்டவருக்குத் தெரியும். நாளடைவில் முன்பாதி தேய்ந்து வெறும் செம்மல் நின்றது. வீட்டில் மனைவிகூட, "செம்மல், காஸ் தீர்ந்துபோச்சு" என்றுதான் குரல் கொடுப்பாள்.

வங்கிச் சீர்திருத்த மசோதா வந்தால் ஒரு திருத்தம், மின்சாரச் சீர்திருத்த மசோதா வந்தால் ஒரு திருத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து முழங்குவார். அந்த முழக்கங்களைத் தொகுத்துத் தலையணை கனத்தில் ஒரு புத்தகமும் போட்டிருந்தார். கல்யாண வீடுகளில் மணமக்களுக்கு அதைத்தான் பரிசளிப்பார். இதுவரை எந்தத் தம்பதியும் அதைப் பிரித்ததாகத் தகவல் இல்லை.

ஆளும் கூட்டணியில் ஒரு குட்டிக் கட்சிக்காரர் என்பதால் முழக்கத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. எல்லை வந்ததும் அமைச்சர் எழுந்து, "உறுப்பினரின் கருத்து மிகச் சிறப்பானது" என்று தொடங்குவார். "அரசு பரிசீலிக்கும், திருத்தத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிப்பார். செம்மல் தலைவணங்கித் திரும்பப் பெறுவார். அதற்கு அவையின் அனுமதி வேண்டும். ஒரே ஓர் உறுப்பினர் 'இல்லை' என்றாலும் திரும்பப் பெற முடியாது, வாக்கெடுப்புக்கு விட்டாக வேண்டும். ஆனால் அப்படி ஒரு குரல் அங்கே எழும்பியதே கிடையாது. எல்லோரும் 'ஆம்' என்பார்கள், பிறகு காப்பி குடிக்கப் போவார்கள்.

இந்த முறை வந்த மசோதா வங்கிக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்தே முடிச்சுப் போட்டது. இனி மின்கட்டணத்தை வங்கிக் கணக்கிலிருந்து வாரியமே நேரடியாக எடுத்துக்கொள்ளும். கணக்கில் பணம் இல்லையென்றால் கரண்ட் தானாகவே நின்றுவிடும். கெஞ்சுவதற்கு லைன்மேன்கூட வரமாட்டார்.

செம்மலின் அக்கா அதைக் கேட்டதும் நேரே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டில் அத்தான் படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் கருவி இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் அத்தான் திணறத் தொடங்குவார். அவருடைய பென்ஷனோ மாதா மாதம் தனக்குத் தோன்றின நாளில்தான் கணக்குக்கு வரும்.

"டேய், பென்ஷன் லேட்டானா உங்க அத்தான் மூச்ச நிறுத்தி வெச்சுக்கணுமா?"

"அக்கா, நான் எதுக்கு இருக்கேன்? மருத்துவக் கருவி ஓடுற வீட்டுல கரண்ட நிறுத்தக் கூடாதுன்னு ஒரு திருத்தம் போடறேன். அவையே அதிரப்போவுது பாரு."

"அதிர வேணாம். கடைசி வரைக்கும் நிப்பியா, அதச் சொல்லு."

"என் தலை மேல சத்தியம்."

"உன் தலை வேணாம்டா. அதுமேல ஏற்கெனவே ஏகப்பட்ட சத்தியம் உக்காந்திருக்கு."

செம்மலுக்குச் சுருக்கென்றது. மறுநாளே அக்காவை அமைச்சரின் அறைக்கு அழைத்துப் போனார். அக்கா கருவியைப் பற்றிச் சொன்னாள். அமைச்சர் மேஜை மீதிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்றார். அமைச்சர்கள் 'பார்க்கலாம்' என்றால் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார்கள் என்பது செம்மலின் அனுபவம். எனவே எதிர்த்து நின்றே தீர்வது என்று முடிவு கட்டினார். விவாதத்தன்று காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "முடியாது! என் திருத்தத்தை நான் வலியுறுத்துகிறேன்!" என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். கண்ணாடி ஒப்புக்கொண்டது.

அக்கா பார்வையாளர் மாடத்தின் முன்வரிசையில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். தம்பி அவையில் வேலை பார்ப்பதை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

செம்மலும் ஏமாற்றவில்லை. உள்ளபடியே நன்றாகப் பேசினார். "கட்டணம் பாக்கி இருந்தால் காத்திருக்கலாம். மூச்சு காத்திருக்குமா?" என்று கேட்டபோது, பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர் விழித்துக்கொண்டு மேஜையைத் தட்டினார். மாடத்தை நிமிர்ந்து பார்த்தார் செம்மல். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவர் பேச்சைக் கேட்டுத் தூக்கத்தைத் தவிர வேறு எதுவும் யார் கண்ணிலும் வந்ததில்லை. செம்மல் தரையில் கால் பாவாமல் போய் இருக்கையில் அமர்ந்தார்.

அமைச்சர் எழுந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

"உறுப்பினரின் கருத்து மிகச் சிறப்பானது" என்றவர், தொண்டை கட்டவே டம்ளரை எடுத்தார்.

அவ்வளவுதான். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் செம்மலின் கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்துகொண்டன. மிச்சம் என்ன வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அமைச்சர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் செம்மல் தலைவணங்கி, "மாண்புமிகு அமைச்சர் அவர்களின் உறுதிமொழியை ஏற்று என் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று கணீரென்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. வாயைத் திறந்தார். ஆனால் சபாநாயகருக்கும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

"திருத்தத்தைத் திரும்பப் பெற அவை அனுமதிக்கிறதா?"

"ஆம்!" என்றது அவை. டம்ளரை அப்போதுதான் கீழே வைத்த அமைச்சரும் "ஆம்!" என்றார். எல்லாவற்றையும்விட மோசம், பழகிப்போன வாய் ஒன்று செம்மலிடமும் இருந்தது. அதுவும் "ஆம்" என்றது.

"இல்ல! இல்ல!"

எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. மாடத்தில் அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டேய், என்னடா பண்ணித் தொலைச்ச? இல்லன்னு சொல்லுடா!"

பார்வையாளர் வாய்திறந்தால் குற்றம். காவலர்கள் இரண்டு பக்கமும் வந்து அவளை வெளியே கொண்டுபோனார்கள். "திருத்தம் அவையின் அனுமதியுடன் திரும்பப் பெறப்பட்டது" என்றார் சபாநாயகர். "அடுத்த பிரிவு."

எதிரே அமைச்சர் கையிலிருந்த சீட்டையும் செம்மலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரசரவென்று நடந்து வந்து செம்மலின் காதருகே குனிந்தார்.

"யோவ், என்னய்யா பண்ணீங்க? திருத்தத்த ஏத்துக்கறோம்னு அறிவிக்கத்தான்யா எழுந்தேன்! காலைலதான் மேலிடமே சம்மதிச்சுது!"

செம்மலுக்கு 'ஏத்துக்கறோம்' என்ற சொல் முதலில் புரியவில்லை. அவருடைய எந்தத் திருத்தத்தையும் யாரும் ஏற்றதில்லை. ஏற்பார்கள் என்று அவரே நினைத்ததில்லை.

"முன்னாடியே... ஒரு வார்த்தை..."

"உங்ககிட்ட சொன்னா நேரா டிவிக்காரங்ககிட்ட போய் நிப்பீங்களே! நானே அறிவிக்கலாம்னு இருந்தேன்."

"நீங்களும் ஆம்னீங்களே!"

அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இருவருமாகப் போய் அவைச் செயலரிடம் மெல்லக் கேட்டார்கள். அவர் விதிகளைப் புரட்டக்கூட இல்லை. திரும்பப் பெற்ற திருத்தம் திரும்பப் பெற்றதுதான், இனி அடுத்த கூட்டத்தொடரில்தான் கொண்டுவர முடியும் என்றார். சட்டம் எப்போது அமலாகும்? அடுத்த மாதம்.

காவலர் அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, சுவரில் அவை நேரலை ஓடும் சின்ன டிவி. பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். செம்மலைக் கண்டதும் காவலர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"ஐயா, உங்க விருந்தாளிதானே? அவைல கத்திட்டாங்க. 'சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விட்டுடுவோம். இல்லேன்னா அவை முடியற வரைக்கும் இங்கதான்."

"சொல்லிடுக்கா" என்றார் செம்மல். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "சும்மா சம்பிரதாயம்தான். நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

"அதான் பார்த்தேனே."

அக்கா காவலரிடம் திரும்பினாள். "தம்பி, அவ்ளோ பெரிய கூட்டத்துல இல்லன்னு சொன்னது நான் ஒருத்திதான். அத நான் வாபஸ் வாங்க மாட்டேன். எத்தனை நேரம் வேணா உக்காரறேன்."

அமைச்சர் ஏற்க இருந்த செய்தியை அப்போதுதான் செம்மல் உளறிக் கொட்டினார். அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். திறந்த பாட்டிலின் மூடி கையிலிருந்து நழுவி உருண்டது. அதை அவள் எடுக்கவில்லை.

அவள் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினாள். "உங்க அத்தான். நீயே சொல்லு."

முதலில் கருவியின் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அத்தானின் குரல் விட்டு விட்டு வந்தது.

"மாப்ளே... டிவில பார்த்தேன்டா... என்னமா பேசின! அமைச்சரே எழுந்து... சிறப்புன்னுட்டாரே... அப்புறம் நர்ஸ் வந்துட்டா, பாக்கல. நம்ம விஷயம்... நிறைவேறிடுச்சுல்ல?"

சுவர் டிவியில் மசோதா முழுவதையும் வாக்கெடுப்புக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். 'ஆம்' என்ற பேரொலி கேட்டது. செம்மல் உதட்டை நனைத்துக்கொண்டார். மாண்புமிகு என்றோ, பரிசீலனை என்றோ, உறுதிமொழி என்றோ தொடங்க ஒரு வழி கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார். எதுவும் வரவில்லை.

"இல்ல, அத்தான்" என்றார்.

"அந்த 'இல்ல' இப்ப வருது பாரு" என்றாள் அக்கா.