நடைபாவாடை

வீரம்மாளுக்கு அன்றைக்கு விடிந்ததிலிருந்தே வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பூவன் பழமும் சுமந்து நடந்து வந்து, சித்திரை வீதியில் சௌரிராஜய்யங்கார் வீட்டு வாசலில் நின்றால், "சுவாமி திருவாராதனத்துல இருக்கார், ஓரமா நில்லு" என்கிறான் குமாஸ்தா ரங்கசாமி. தேர் ஓடுகிற வீதி அது. அதில் ஒரு பொம்பளை நிற்பது யாருக்கு இடைஞ்சல்? இருந்தாலும் ஓரமாகத்தான் நின்றாள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை நின்றாள்.

சௌரிராஜய்யங்கார் லேசுப்பட்ட ஆளில்லை. அவருடைய தகப்பனார் நஞ்சை நிலத்தை எழுதிவைத்து ஏற்படுத்திவிட்டுப் போன ஆரோக்கிய தர்மத்துக்கு இப்போது அவர்தான் தர்மகர்த்தா. ஜனங்களை நோய்நொடி அண்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்த தர்மம். மனுப் போட்ட தெருவை அவரே நேரில் வந்து பார்ப்பார். தேவை இருக்கிறது என்று அவர் மனசுக்குப் பட்டால் கிணறோ சாக்கடையோ கட்டித் தருவார். ஆனால் மனுப் போட்டவர்கள் பழத்தட்டோடு வந்து முறையாக அழைத்தால்தான் வாசற்படி இறங்குவார். வாந்திபேதி வந்த தெருவைப் பார்க்க வருவதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்! மாப்பிள்ளை அழைப்பு தோற்றது போங்கள்.

ஐப்பசியிலிருந்து அலைகிறாள். இப்போது பங்குனி. இன்னும் கொஞ்ச நாளில் உய்யக்கொண்டான் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். அடைத்துவிட்டால் அவள் தெருவுக்குத் தெருமுனைக் கிணறு ஒன்றுதான் கதி. அந்தக் கிணற்றை ஒட்டித்தான் சாக்கடை ஓடுகிறது. சாயப்பட்டறைக் கழிவு, மாட்டுக் கொட்டில் கழிவு, மனுஷக் கழிவு, எல்லாம் அதில்தான். கிணற்றுச் சுவர் அந்தப் பக்கம் இடிந்து கிடக்கிறது. போன சித்திரையில் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வீரம்மாளின் மூத்தவள் அழகம்மாள் ஒரே பகலில் போய்ச் சேர்ந்தாள். அது ஒரு தங்கமான பொண்ணு. யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லும். கூடை முறம் விற்க வருகிறவளுக்கும் சொல்லும், வைத்தியருக்கும் சொல்லும். கடைசி மடக்கு மருந்தைக் குடித்துவிட்டும் சொன்னது. இப்போது வீட்டில் சின்னவள் செல்லக்கிளி இருக்கிறாள். அடுத்த சித்திரை வருவதற்குள் அந்தச் சாக்கடையைத் திருப்பியாக வேண்டும், கிணற்றுக்குச் சுவர் எழுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் இவளும் போய்விடுவாள் என்ற பயம் வீரம்மாளைத் தூங்கவிடுவதில்லை.

ஒருவழியாக ஐயங்கார் வெளியே வந்தார். பளீரென்று திருமண், சரிகை அங்கவஸ்திரம். தாம்பாளத்திலிருந்து ஒரு பழத்தை மட்டும் தொடாமல் தொட்டு, ரங்கசாமியிடம் தள்ளினார். அவன் மற்றதையும் வாரிக்கொண்டு வெறுந்தாம்பாளத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"ஏண்டிம்மா, நீதானே அந்த மனு? ஆம்பிளைகளே இல்லையா உங்க தெருவிலே?"

"இருக்காங்க சாமி. நெசவை விட்டுட்டு வந்தா அன்னிக்குச் சோறு இல்ல."

"உனக்கு மட்டும் சோறு வந்துடுமாக்கும்."

ரங்கசாமி பல்லை இளித்தான். ஐயங்காரும் குமாஸ்தாவும் ஜட்காவில் ஏறினார்கள். வெள்ளிக் கூஜாவில் காவேரித் தண்ணீரும் ஏறியது. "நீ பின்னாலே வா" என்று ரங்கசாமி சொல்ல, வண்டி கிளம்பிவிட்டது. அழைக்கப் போனவள் நடந்து வர வேண்டும், அழைக்கப்பட்டவர் முன்னாலே போவார். என்ன நியாயமோ!

காவேரிப் பாலத்தில் வீரம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கால் பொசுங்கியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. நாட்டாண்மை பிச்சமுத்துவிடம் முதல்நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "அண்ணே, தெருவை இருக்கிறபடியே விட்டுடுங்க. கூட்ட வேணாம், மெழுக வேணாம். சாக்கடையை அவர் கண்ணால பார்க்கணும், மூக்கால மோந்து பார்க்கணும். நம்ம பொழப்பு என்னன்னு அப்பதான் புரியும்." பிச்சமுத்து தலையைத் தலையை ஆட்டினார். நல்ல மனுஷன்தான். அழகம்மாளைத் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் தோள் கொடுத்தவர் அவர்தான்.

தெருமுனைக்கு வந்ததும் வீரம்மாளுக்குத் தெரு மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

வாழைமரம் கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்குமாகத் தொங்கியது. சாணி தெளித்து, வாசலுக்கு வாசல் இழைக்கோலம். பிள்ளைகளுக்கெல்லாம் தலை வாரி, பொட்டு வைத்து, பொங்கலுக்கு எடுத்த துணியைப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். சாக்கடையைக் காணவே காணோம். அதன்மேல் நெடுக, இடிந்த கிணற்றுச் சுவர்வரைக்கும் தென்னங்கீற்றை அடுக்கி மறைத்து, அதையும் பக்கத்துத் தரையையும் சேர்த்து மூடி நடைபாவாடை விரித்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் கால் தரையில் படாமல் நடந்து வருவதற்கென்று விரிக்கிற வெள்ளைத் துணி. நெய்கிற தெருவாச்சே, துணிக்கா பஞ்சம்? தறியிலிருந்து புதுத் துணியாகவே அறுத்து விரித்திருந்தார்கள். போதாக்குறைக்குக் கிணற்றடியில் சாம்பிராணி வேறு. புகை மண்டிக்கொண்டு வந்தது. அந்தப் புகையில் பொணம் கிடந்தால்கூட நாற்றம் தெரியாது.

கிணற்றடியில், நடைபாவாடையின் மேல், கழுத்தில் ரோஜா மாலையோடு ஐயங்கார் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"பேஷ், பேஷ்! ரங்கசாமி, பார்த்தியா? எங்க வீதியிலேகூட இப்படி ஒரு சுத்தம் கிடையாது. க்ஷேமமா இருக்கா எல்லாரும். இங்கே தர்மத்துக்கு என்ன வேலை? இல்லாத இடத்துக்குன்னா கொடுக்கணும்!"

பிச்சமுத்து கை கட்டி, வாய் பொத்தி, பெருமை பொங்க நின்றார். அவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. வீரம்மாளைப் பார்த்ததும் சிரித்தார் வேறு.

"அண்ணே!" வீரம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்குற? அவ்வளவு பெரிய மனுஷர் நம்ம தெருவுக்கு வர்றாரு. அழுக்கும் சேறுமாவா காட்டுறது? ஊரு மானம் என்னாகுறது?"

"மானமா! மானத்தைக் கரைச்சுக் குடிச்சாச்சு போன சித்திரையில! இன்னும் என்ன மானம்?"

"இந்தாம்மா, சத்தம் போடாதே" என்றார் ஐயங்கார். "மனுவிலே என்னமோ சாக்கடை, சாவுன்னு எழுதியிருந்தே. எங்கே சாக்கடை? பொய் மனு போட்டு தர்ம சொத்தைச் சாப்பிடலாம்னு பார்த்தியா? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

அவ்வளவுதான். வீரம்மாளுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. ஐப்பசியிலிருந்து விழுங்கிய அத்தனையும் ஒரே மூச்சில் மேலே வந்தது. தாம்பாளத்தைக் கணீரென்று கீழே போட்டாள். குனிந்து நடைபாவாடையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அடியிலிருந்த கீற்றை இரண்டு கையாலும் வாரி எறிந்தாள்.

சாக்கடை வாயைத் திறந்தது. கருத்த சேறும் புழுவும் இடிந்த சுவர் வழியாகக் கிணற்றுக்குள் இறங்குவதும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. சாம்பிராணி எங்கே போயிற்றோ தெரியவில்லை, குடலைப் பிடுங்குகிற நாற்றம் எழுந்தது. கீற்று விழுந்த வேகத்தில் தெறித்த சேறு, ஐயங்காரின் இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே அப்பிக்கொண்டது.

"இந்தா சாமி, பொய் மனு! நல்லாப் பாருங்க!"

ஐயங்கார் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு துள்ளினார். "அபசாரம், அபசாரம்! இத்தனையும் மூடி வெச்சு என்னை ஏமாத்தப் பார்த்தேளா? ஏமாத்தற ஜனங்களுக்கு தர்மம் ஒரு கேடா? ரங்கசாமி, இந்தத் தெருவுக்கு ஒரு செங்கல் கிடையாது, எழுதிக்கோ!"

நன்றாக இருந்தால் தேவை இல்லை, நாறினால் யோக்கியதை இல்லை. எப்படிப் புரட்டினாலும் இவர் கை நீளாது என்பது வீரம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி மனுஷன்!

"கூஜாவைக் கொண்டாடா முதல்லே! கால் அலம்பணும்!"

ரங்கசாமி கூஜாவைக் கவிழ்த்துக் காட்டினான். பாலத்து வெயிலில் ஐயங்காரே பாதியைக் குடித்திருந்தார், மீதி தெருவில் இறங்கியதும் கால் கழுவப் போயிருந்தது. ஒரு சொட்டுகூட இல்லை.

பிச்சமுத்து பதறினார். விருந்தாளி தன் தெருவில் சேற்றுக் காலோடு நிற்பதா! வாளியைத் தடாலென்று கிணற்றில் விட்டு, ஒரே இழுப்பில் இழுத்து, நிறைந்த வாளியோடு ஓடி வந்து ஐயங்காரின் காலடியில் குனிந்தார்.

ஐயங்கார் அலறினார். "வேண்டாம்! வேண்டாம்டா! அந்தத் தண்ணியை என் கால்லே விடாதே! தோல் அழுகிடும்!"

பிச்சமுத்து குனிந்தபடியே வாளிக்குள் பார்த்தார். மெல்ல நிமிர்ந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் வீரம்மாள். "காலுக்கே ஆகாதாம். இதைத்தான் எம் பொண்ணு குடிச்சா."

"நான் சொன்னது ஆசாரத்துக்காக" என்றார் ஐயங்கார் அவசரமாக.

"தோல் அழுகிடும்னீங்களே, அது எந்த ஆசாரம் சாமி?"

ஐயங்கார் விறுவிறுவென்று ஜட்காவில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுடா" என்றார். வண்டி நகரவில்லை. பிச்சமுத்து வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தார். இவ்வளவு நேரம் வாய் பொத்தி நின்ற மனுஷன். இப்போது முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"சாமி, நாந்தான் மூடினேன். மரியாதைன்னு நெனச்சு மூடினேன். புத்தி கெட்ட வேலை, ஒத்துக்கிறேன். ஆனா இந்தத் தண்ணி கெட்ட தண்ணின்னு நீங்க சொன்னதைத் தெருவே கேட்டாச்சு. அதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க. சொல்லாம குதிரை நகராது."

"மிரட்டறியா?"

"ஆமாங்க."

நெசவுக் கொட்டகைகளிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் கையை ஓங்கவில்லை. வண்டிக்காரன் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயங்காரின் காலில் சேறு காயத் தொடங்கி, தோல் அரித்தது. காவேரிக்குப் போய் முழுகினால் போதும் என்று அவருக்கு ஆகிவிட்டது.

"சரி, சரி! ரங்கசாமி, எழுதிக்கோ. சாக்கடையைத் திருப்பி விட்டுடலாம். கிணத்தை இறைச்சுத் தூர் வாரி, சுவரும் எழுப்பித் தரச் சொல்லு. வாயாலே சொல்லிட்டேன், போதுமா?"

"சித்திரை பொறக்கறதுக்குள்ள" என்றாள் வீரம்மாள்.

"சித்திரைக்குள்ளே. தொலையட்டும்."

பிச்சமுத்து கடிவாளத்தை விட்டார். நாலைந்து பேர் பழக்க தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வீரம்மாள் கும்பிடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற செல்லக்கிளியின் தலைமேல் கையை வைத்தபடி நின்றாள். ஐயங்காருக்கு அதுதான் பொறுக்கவில்லை. வண்டி திரும்பும்போது தலையை வெளியே நீட்டினார்.

"இத்தனை பண்ணித் தரேன்னு சொல்றேன், வாயைத் திறந்து ஒரு நன்றி வருதா பார் உனக்கு!"

"எம் மூத்தவ நல்லாச் சொல்லுவா சாமி" என்றாள் வீரம்மாள். "அவதான் இல்ல."