இருபதாவது இடம்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர், முதுகுக்குப் பின்னால். நேரில் வெறும் அக்கா. யாருடைய முகக்கவசமாவது மூக்கிலிருந்து கொஞ்சம் இறங்கினால் போதும், கத்தித் தீர்த்துவிடுவாள். ஒரு துளி எச்சில் மாதிரிக் குழாயில் விழுந்தால் ஊர்க்காரனை விட்டுவிட்டு எச்சில்காரனின் வம்சத்தைத்தான் ஆராய வேண்டிவரும் என்பாள். மாதிரிகளில் யாராவது கலந்தால் பிடிப்பதற்காக அங்கே வேலை செய்கிற ஏழு பேரின் மரபணு விவரத்தையும் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். அவளுடையது மட்டும் அதில் இல்லை. கேட்டால், "எனக்கு எதுக்கு?" என்பாள். அவ்வளவு நம்பிக்கை.

பல ஊர் மக்களும் ஒருவருக்கொருவர் எப்படி வேறுபடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அதற்கு எடுத்துக்கொண்டது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே வருவது; அப்பாவுக்கு அதில் பங்கு கிடையாது. அதிலுள்ள பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துகளையும் எல்லோருக்கும் படித்துக்கொண்டிருந்தால் விடியாது. ஆளுக்கு ஆள் எழுத்து மாறுகிற இருபது இடங்களைத் தேர்ந்தெடுத்து, அதே இருபதைத் திட்டத்தில் சேர்ந்த ஐந்து ஆய்வகங்களும் பார்ப்பதாக ஏற்பாடு. பட்டியல் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். பத்தொன்பது முடிவாகிவிட்டது. இருபதாவதுக்குத்தான் இழுபறி.

எல்லோருக்கும் ஒரே எழுத்து இருக்கிற இடம் உதவாது. கூட்டத்தைப் பார்த்து, ரெண்டு கண் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்வது போல. யாரோ ஒருவரிடம் மட்டும் மாறுகிற இடமும் ஏறக்குறைய அதே கதைதான். கறார் அக்கா கேட்ட இடம் அப்படிப்பட்டது என்பது புள்ளிவிவரக்காரரின் கட்சி. ஏதோ ஒரு பழைய அறிக்கையில் ஒரே ஒருவருக்கு அங்கே எழுத்து மாறியிருந்ததைப் பார்த்ததிலிருந்து மூன்று வருடமாக அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"உங்க பிள்ளைக்கு சீட்டு கேக்கற மாதிரில்ல கேக்கறீங்க" என்பார் அவர்.

புதன்கிழமை சோதனை முடிவு வந்தது. தொண்ணூற்றாறு பேரில் ஒன்பது பேருக்கு அந்த அபூர்வ எழுத்து. மலைக்காரர்கள் நான்கு, கடற்கரைக்காரர்கள் மூன்று, சமவெளிக்காரர்கள் இரண்டு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மலைக்கும் கடலுக்கும் பழைய உறவு! எல்லோருக்கும் தன் கையால் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அது எந்தக் காலத்திலும் நடக்காத காரியம்.

மறுநாள் காலையில் புள்ளிவிவரக்காரர் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"அக்கா, அந்த ஒரு இடம் மட்டுமில்ல. ஒன்பது பேருக்கும் இருபது இடமும் ஒண்ணாவே இருக்கு."

"அதான் சொல்றேனே, பழைய உறவுன்னு."

"பழைய உறவுன்னா இத்தனை தலைமுறைல ஒரு எழுத்தாவது மாறியிருக்காதா? இது ஒரே அம்மா வயித்துல பிறந்தவங்க மாதிரி இருக்கு."

அக்கா சட்டென்று, அரட்டை என்று பெயரெடுத்தவளின் பக்கம் திரும்பினாள். அரட்டை இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கைதேர்ந்த தொழில்நுட்பப் பணியாளர், வாய்க்கு ஓய்வே கொடுக்காதவள். சுவரில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அரட்டையுடையதோடு பொருந்தவில்லை. மற்ற ஆறு பேருடையதோடும் இல்லை.

"பார்த்தீங்களா!" என்றாள் அக்கா.

அவர் விடவில்லை. "ஒன்பதும் செவ்வாய்க்கிழமை சேர்ந்து திறந்த குழாய். எல்லாம் பழைய, மெலிஞ்ச மாதிரி. வேற யாரோட எச்சில் விழுந்தாலும் அவங்கதான் தெரிவாங்க. அன்னிக்கு யார் திறந்தது?"

அரட்டைதான் மெதுவாகச் சொன்னாள். "நீங்கதான்க்கா. பதினோரு மணிக்கு உங்க அம்மா போன் பண்ணாங்க. நான் கண்ணாடி வழியா பார்த்தேன்."

அம்மா தினமும் பதினோரு மணிக்கு அழைப்பாள். காது மந்தம், கத்தினால்தான் கேட்கும். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, திறந்த குழாய்களுக்கு மேலே, "சாப்பிட்டேன்மா, சாப்பிட்டேன்" என்று கத்தியது இப்போது அக்காவுக்கே கேட்டது.

"ஏன் அப்பவே சொல்லல?"

"உங்ககிட்டயா?"

மறு சோதனையைப் பட்டியல் போன பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வருட ஆசை நிறைவேறிவிடும். அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது, ஒரு நிமிடம் உட்கார்ந்தும் இருந்தது. பிறகு அவள் ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்துத் தன் கன்னத்தின் உட்புறம் தேய்த்து அரட்டையிடம் நீட்டினாள்.

"நீயே பண்ணு. அந்த ஒன்பதையும் மறுபடி புதுசா எடு. நான் கிட்டவே வரல."

வெள்ளிக்கிழமை காலையில், பழைய முடிவிலிருந்த இருபது எழுத்தும் அவளுடையதோடு அச்சாகப் பொருந்தின. புதிதாக எடுத்த ஒன்பதில் ஒருவருக்கும் அந்த எழுத்து இல்லை. துறைத் தலைவருக்கு அவளே கடிதம் எழுதினாள், பூசி மெழுகாமல். இருபதாவது இடத்துக்கு வேறொன்று போனது.

அரட்டை சுவரில் எட்டாவது வரியை ஒட்டினாள். அக்கா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இது அம்மா கொடுத்தது. தம்பியிடமும் இருக்கும், ஆனால் அவன் பிள்ளைகளுக்குப் போகாது. அவளுக்கோ இரண்டும் மகன்கள். அவர்களோடு சரி. மானம் போனதைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நடைக்கூடத்தின் கடைசிவரை போய் நின்றுகொண்டாள்.

"அம்மா, நீ மலைக்கும் போயிட்டு வந்துட்ட, கடலுக்கும் போயிட்டு வந்துட்ட!"

"யாரு, நானா?"

"நீதான். நான்தான் கூட்டிட்டுப் போனேன்!"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "போனது இருக்கட்டும். அங்கயாவது நேரத்துக்கு சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா, சாப்பிட்டேன்!" என்று அக்கா கத்தினாள். குரல் உடைந்ததால் இன்னொரு தடவையும் கத்த வேண்டியிருந்தது.

உள்ளே அரட்டை எழுந்துபோய், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.