அலமாரி மேலே கிடந்த கம்பு

ஈப்போ நகரத்துப் புந்தோங் பகுதியில் நவமணிக்கு நல்ல பெயர். மாமியாரைத் தரையில் கால் வைக்க விடாமல் தாங்குகிறாள் என்று அந்த வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள்.

"உங்க மருமக தங்கம்லா, கருப்பம்மா அக்கா. என் மகன் கட்டிக்கிட்டு வந்ததும் இருக்கே!" என்பாள் பக்கத்து வீட்டு ஜைனப்.

அதைக் கேட்கும்போதெல்லாம் நவமணி எண்ணெய்ச் சட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மாமியார் கருப்பம்மாள் ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் மரம் சீவியவள். மூட்டுவாதம் இரண்டு முழங்கால்களையும் தின்றுவிட்டது. மூட்டு மாற்றும் அறுவைக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

நவமணி வீட்டிலேயே முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். சமையலறை குறுகல். ஒரு தீபாவளிச் சமயம், தண்ணீர் குடிக்கக் கம்பை ஊன்றி வந்த கருப்பம்மாள் முறுக்குத் தட்டைத் தட்டிவிட்டாள். அத்தனையும் தரையில் சிதறி நொறுங்கியது. நவமணி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பாவம் குறைவு.

"எண்ணெய் தெறிக்கும் அத்தை. நீங்க உக்காருங்க, எல்லாம் நான் கொண்டாந்து தாரேன்" என்று இனிமையாகச் சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தாள். கம்பை எடுத்து அலமாரி மேல் போட்டாள். அன்று முதல் சோறும் தண்ணீரும் நாற்காலிக்கே போயின. வேலை தடையில்லாமல் நடந்தது. ஊரும் மெச்சியது.

ஒன்றரை வருஷம் கழித்து அறுவைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் பழைய எக்ஸ்ரே படத்தையும் புதியதையும் வெளிச்சத்தில் அருகருகே மாட்டினார்.

"முதல்ல எலும்பு நல்லா இருந்திச்சு. இப்பப் பாருங்க, கொசுவலை மாதிரி இருக்கு. இதுல புது மூட்டு வெச்சா நிக்காது, எலும்பு உடைஞ்சிரும். நடக்காம இருந்தா எலும்பு இப்படித்தான் கரையும். ஏம்மா நடக்கல?"



நவமணி வாய் திறப்பதற்குள் கருப்பம்மாள் முந்திக்கொண்டாள். "சோம்பல்தான் டாக்டர். மருமக தங்கமாப் பாத்துக்கிட்டா, நான் நல்லா உக்காந்துட்டேன்."

"வலிச்சாலும் கொஞ்சம் கொஞ்சமா நடங்க. வெயில் படட்டும். பால், நெத்திலி சாப்பிடுங்க. மாத்திரையும் தாரேன். ஆபரேஷன பிறகு பாப்போம்" என்றார் டாக்டர்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் நவமணியால் தாங்க முடியவில்லை.

"அத்தை, உங்க கம்ப நான்தான்..."

"அலமாரி மேல இருக்கு. தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டா குடுத்திருவ. குடுத்திட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அத யாரு பாக்கறது?" கருப்பம்மாள் சிரித்தாள். நவமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை மாரியம்மன் படத்தின் முன் நின்றவள், திருநீற்றைத் தொடக் கூசிக் கையை இழுத்துக்கொண்டாள். நாற்காலி போட்டு ஏறிக் கம்பை எடுத்தாள். தூசியைத் தன் முந்தானையாலேயே துடைத்து மாமியாரின் கையில் கொடுத்தாள். இருவரும் மெல்ல வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் கருப்பம்மாள் பல்லைக் கடித்தாள்.

ஜைனப் வேலியோரம் ஓடி வந்தாள். "ஏன்லா நவமணி, அக்காவ இப்படி நடக்க விடறே? பாவமா இல்ல?"

டாக்டர் சொன்னார் என்று ஒரு வார்த்தை போதும், நல்ல பெயர் அப்படியே இருந்துவிடும். நவமணி நின்றாள்.

"உக்கார வெச்சதுதான் பாவம், ஜைனப் அக்கா. இடைஞ்சலா இருக்குன்னு கம்ப எடுத்து ஒளிச்சவ நான். அதுல இவங்க எலும்பு கரைஞ்சு போச்சு. ஆபரேஷனும் தள்ளிப் போச்சு."



"போதும்டி. உள்ள எண்ணெய் காயுது, போ" என்றாள் கருப்பம்மாள்.

"அடுப்ப அணைச்சிட்டுத்தான் வந்தேன் அத்தை. அந்த ரம்புத்தான் மரம் வரைக்கும் போலாம்."