உள்பக்கம் சிவப்பு

என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார்னு என் கடைக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கணும்னு இல்லை, நானே சொல்லிடுவேன்.

கடைன்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. ரெண்டு தையல் மெஷின், ஒரு நீள மேஜை, வெளிச்சம் வர்ற ஒரே ஒரு ஜன்னல். கூடாரம், மழைக்கோட்டு, கிழிஞ்ச பை, எது வந்தாலும் தைப்பேன். ஆத்துல இறங்கி மீன் பிடிக்கிறவங்கதான் பாதி வாடிக்கை. இவங்களுக்குப் படகும் கிடையாது, புழுவும் கிடையாது. இறகையும் பட்டுநூலையும் முள்ளுல சுத்தி ஈ மாதிரியே ஒண்ணு செஞ்சு, ஓடுற தண்ணிக்கு நடுவுல நின்னு அதை வீசி வீசி இழுப்பாங்க. அதுக்குன்னே மார்பு வரைக்கும் ஏறுற ரப்பர் கால்சட்டை, வழுக்காம இருக்க அடியில கம்பளி ஒட்டின பூட்ஸ், உடம்பெல்லாம் பை வச்ச கையில்லாச் சட்டை, ஒரு தொப்பி. எல்லாமே பாசி நிறம், சேத்து நிறம், காஞ்ச இலை நிறம். பளிச்சுன்னு ஏதாவது தெரிஞ்சா மீன் ஓடிடுமாம். சொந்தக் கல்யாணத்துக்குக்கூட இந்த ஆம்பளைங்க இவ்வளவு யோசிச்சு உடுத்தியிருக்க மாட்டாங்க.

அந்தக் கால்சட்டை ஒழுகுதுன்னு என்கிட்ட கொண்டு வருவாங்க. உள்ளே டார்ச்சை விட்டு, வெளிச்சம் கசியிற இடத்துல பென்சிலால வட்டம் போட்டு, பசை தடவி ஒட்டுப் போட்டுக் குடுப்பேன். குடுக்கும்போது மறக்காம ஒரு கேள்வி கேட்பேன்.

"பெல்ட் இருக்கா?"

கால்சட்டைக்கு மேல, இடுப்புல இறுக்கிக் கட்டுற பெல்ட். வழுக்கி விழுந்தா தண்ணி மேல் வழியா உள்ளே பாயும். பெல்ட் இருந்தா இடுப்போட தடுத்துடும். இல்லைன்னா ரெண்டு காலும் ரொம்பிடும், அப்புறம் ஓடுற தண்ணியில எந்திரிக்கவே முடியாது. சிலர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு "வீட்டுல இருக்குங்க"ன்னு இழுப்பாங்க. அவ்வளவுதான், எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துடும்.

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான். நானே என் கையால தைச்சுக் குடுத்தேன். சிவப்பா இருக்கு, மீன் பயந்துக்கும்னு கட்டாமப் போனார். பொணமாத்தான் தூக்கிட்டு வந்தாங்க. அந்த மனுஷன் மாதிரி முட்டாளா இருக்காதீங்க."

ரெண்டு வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருந்தேன். சொன்னதெல்லாம் நிஜம்னு நம்பினேன். ஆனா பாதியைத்தான் சொன்னேன்.

மீதியை இப்பச் சொல்றேன். அந்த பெல்ட்டை நான் தைச்சது சிவப்பு நாடாவுல. வேணும்னேதான் அதைப் போட்டேன். தண்ணியில ஏதாவது ஆச்சுன்னா நாலு பேர் கண்ணுக்குத் தெரியணும் இல்லையா? அவர் அதை எடுத்துப் பார்த்துட்டு, "என்னம்மா இது, ரயிலை நிறுத்தப் போறேனா?"ன்னு சிரிச்சார். வெளிப்பக்கம் மட்டும் பாசி நிறத்துல ஒரு துணி வச்சுத் தைச்சுக் குடுன்னார். பத்து நிமிஷ வேலை. நான் மாட்டேன்னுட்டேன். வீம்பு. வேற என்ன சொல்ல?

கடைசி நாள் காலையில, பெல்ட்டும் கையுமா கடை வாசல்ல நின்னு மறுபடியும் கேட்டார். மேஜை மேல ஒரு பெரிய கூடாரத்தைப் பரப்பிப்போட்டு மல்லுக்கட்டிட்டு இருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

"பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுட்டுப் போங்க!"

அவர் பெல்ட்டைச் சுருட்டிப் பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனார். கூடவே என் கொழுந்தனும் போனான். மத்தியானம் கொழுந்தன் மட்டும் நடந்து வந்தான். இவரைத் தூக்கிட்டு வந்தாங்க. இடுப்புல பெல்ட் இல்லை. பையிலயும் இல்லை. நான் சொன்னபடியே தூக்கிப் போட்டுட்டார்னு நினைச்சேன். அந்த நினைப்போட ஒரு ராத்திரிகூட ஒழுங்காத் தூங்க முடியலை. அதான் அவரை முட்டாள்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். பழியை நானே வச்சுக்கிட்டா தாங்காதுன்னு செத்த மனுஷன் தலையில தூக்கி வச்சேன்.

போன சனிக்கிழமை ஒரு மெஷின் மோட்டார் நின்னு போச்சு. கொழுந்தனைக் கூப்பிட்டேன், அவன் எலக்ட்ரீஷியன். நான் கல்யாணமாகி வந்தப்போ அரைக்கால்சட்டையோட நின்னவன், இப்ப முன்தலை வழுக்கை. அண்ணன் போனதுக்கப்புறம் அவன் தூண்டிலைத் தொட்டதே இல்லை. பேச்சும் குறைஞ்சு போச்சு. மேஜைக்கு அடியில தலையை விட்டுக்கிட்டு ஸ்க்ரூ கழட்டிட்டு இருந்தான்.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர், ஒட்டுப் போடக் குடுத்திருந்த கால்சட்டையை வாங்க வந்தார். பெல்ட் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னார். வழக்கம்போல ஆரம்பிச்சேன், முட்டாள்ல போய் முடிச்சேன்.

"ஐயோ பாவம். சில பேருக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது"ன்னு உச்சுக்கொட்டினார் மருந்துக்கடைக்காரர்.

மேஜைக்கு அடியில ஸ்க்ரூ டிரைவர் டங்குன்னு விழுந்துச்சு. கொழுந்தன் வெளியே வந்தான். முகமெல்லாம் ரத்தம் ஏறின மாதிரி சிவந்திருந்துச்சு.

"போதும் அண்ணி. எங்கண்ணனை இனிமே யார்கிட்டயும் முட்டாள்னு சொல்லாதீங்க."

விறுவிறுன்னு வெளியே போயிட்டான். மோட்டார் பிரிச்சது பிரிச்சபடி கிடக்குது. மருந்துக்கடைக்காரர் கால்சட்டையைச் சுருட்டிக்கிட்டு நழுவிட்டார். எனக்கா, ஆத்திரமான ஆத்திரம். தாலி கட்டினவரை இழந்தவ நான், இவன் எனக்குப் புத்தி சொல்றானான்னு.

அரைமணி நேரத்துல திரும்பி வந்தான். கையில ஒரு காகிதப் பை. மேஜை மேல வச்சுட்டுத் தள்ளி நின்னுக்கிட்டான்.

பிரிச்சேன். பெல்ட்.

நான் தைச்ச பெல்ட்தான். பக்கிள் பக்கத்துல ரெட்டைத் தையல் போட்டிருந்தேன், அது அப்படியே இருந்துச்சு. ஆனா வெளிப்பக்கம் சிவப்பைக் காணோம். பாசி நிறத் துணி ஒண்ணை வச்சு யாரோ கையால தைச்சிருந்தாங்க. ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. ஊசி பிடிக்கத் தெரியாத கை. நூலும் தையல் நூல் இல்லை. ஈ கட்டுற பட்டுநூல்.

"யார் தைச்சது?"ன்னு கேட்டேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"அண்ணன்தான். ஆத்தங்கரையில உட்கார்ந்து ஒரு மணி நேரம் தைச்சார். தன் சட்டைப் பையையே வெட்டித் துணி எடுத்தார். நான்கூடக் கிண்டல் பண்ணினேன். ‘உள்பக்கம் சிவப்பு அப்படியே இருக்குடா. அவ பேச்சைக் கேட்ட மாதிரியும் ஆச்சு, மீனையும் ஏமாத்தின மாதிரியும் ஆச்சு’ன்னார்."

"அப்ப ஏன் கட்டலை?"

கொழுந்தன் சுவரைப் பார்த்தான்.

"கட்டினார் அண்ணி. கட்டிட்டு என்னைப் பார்த்தார். நான் என் பெல்ட்டை வீட்டுல மறந்து வச்சிட்டு வந்திருந்தேன். நான் கரையிலயே இருக்கேன், நீங்க போங்கன்னேன். விடலை. கழட்டி என் இடுப்புல கட்டிட்டார். ‘பெல்ட் இல்லாம உன்னைத் தண்ணியில இறக்கினேன்னு தெரிஞ்சா உன் அண்ணி என்னைச் சும்மா விட மாட்டா’ன்னார். ‘அப்ப நீங்க?’ன்னு கேட்டேன். ‘நான் முழங்கால் தண்ணியைத் தாண்ட மாட்டேன், நீ போய் ஒரு கை பாரு’ன்னார்."

"அப்புறம்?"

"எனக்குக் கால் வழுக்கிடுச்சு. ஆழத்துல மாட்டிக்கிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை அண்ணி, அப்படியே ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தார். நான் எந்திரிச்சிட்டேன். தண்ணி என் இடுப்போட நின்னுடுச்சு. அவர் விழுந்தார். அவருக்குக் கால் ரெண்டும் ரொம்பிடுச்சு. என் கையிலருந்து..."



எனக்கு என்ன தோணுச்சுன்னு மறைக்காமச் சொல்றேன். அவனை அடிக்கணும் போல இருந்துச்சு. பெல்ட்டைக் கையில சுத்திக்கிட்டு எந்திரிச்சேன்.

"ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா இதை உன் வீட்டுல வச்சிருந்தியா? நான் அந்த மனுஷனை நாய் மாதிரி திட்டிட்டு இருந்தேனே, கேட்டுட்டுத்தானே இருந்தே?"

"அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன் அண்ணி. பெல்ட்டு என் சட்டைக்குள்ளதான் இருந்துச்சு. நீங்க அண்ணன் மேல விழுந்து, ‘பெல்ட்டைக் கட்டினியா பாவி மனுஷா, கட்டியிருந்தா இருந்திருப்பியே’ன்னு கத்தினீங்க. அதைக் கட்டிக்கிட்டு நான் உயிரோட நிக்கிறேன்னு உங்க முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

கை தானா இறங்கிடுச்சு. நாற்காலியில உட்கார்ந்துட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். அவரோட கையில்லாச் சட்டை அங்கேதான் மடிச்சு வச்சிருந்துச்சு. முதுகுல தைச்சிருந்த பை இல்லாம வந்த சட்டை. ஆத்துல கல்லுல மாட்டிக் கிழிஞ்சிருக்கும்னு நினைச்சிருந்தேன். ஜன்னல் கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தேன். கிழியவே இல்லை. நூல் வெட்டுற குட்டிக் கத்திரியால ஓரத்தோட வெட்டியிருக்கு. இருபது வருஷமாத் துணியோட மாரடிக்கிறவ நான். கிழிஞ்ச துணிக்கும் வெட்டின துணிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? பார்த்தாத்தானே தெரியும். கோபத்துல மடிச்சு வச்சவ, பிரிச்சே பார்க்கலை.

பெல்ட்டை அந்த இடத்துல வச்சுப் பார்த்தேன். ஒரே துணி. ஐயோ, எவ்வளவு கஷ்டப்பட்டுத் தைச்சிருக்கார். ஓரத்துல ஊசி குத்தின ஒரு சொட்டு ரத்தக் கறைகூட இருந்துச்சு. நான் பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பேன். மேஜையில தலையைச் சாய்ச்சு அழுதேன். ரெண்டு வருஷமா அழுததெல்லாம் கோபம்தான். இதுதான் அழுகை.

கொழுந்தன் கீழே கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜை மேல வச்சான்.

"நான் போகட்டுமா அண்ணி?"

"எங்கே போறே? மோட்டாரை யார் மாட்டுவா? உட்காரு."

அவன் மறுபடியும் மேஜைக்கு அடியில குனிஞ்சான். கொஞ்ச நேரம் ஸ்க்ரூ எதுவும் திரும்புற சத்தமே கேட்கலை. அவனும் அழட்டும்னு விட்டுட்டேன்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் பாசி நிறத்துல ஒரு பெல்ட் தைச்சேன். உள்பக்கம் மட்டும் சிவப்பு. எடுத்துக்கிட்டு நேரா மருந்துக்கடைக்குப் போனேன். அஞ்சாறு பேர் சீட்டும் கையுமா நின்னுட்டு இருந்தாங்க. அவங்களைத் தாண்டிப் போய்க் கல்லா மேல பெல்ட்டை வச்சேன்.

"இது எதுக்குங்க?"ன்னு திருதிருன்னு முழிச்சார் மருந்துக்கடைக்காரர்.

"கட்டிக்கிறதுக்கு. அன்னைக்கு நான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். என் வீட்டுக்காரர் முட்டாள் இல்லை. கட்டியிருந்த பெல்ட்டைக் கழட்டித் தம்பிக்குக் கட்டிவிட்டுட்டு அவனைக் காப்பாத்தப் போய்ச் செத்தார்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டும். யார்கிட்டயும் சொல்லாத மீதியையும் அங்கேயே சொன்னேன்.

"பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுட்டுப் போங்கன்னு சொன்னவ நான்தான். அவர் தூக்கிப் போடலை."